ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

"வர்ற செவ்வாக்கிழமை, காலையில பத்து மணிக்கு மேல பன்னெண்டு மணிக்குள்ள, செத்து அறுபத்திரண்டு வருஷமான எங்க தாத்தாவுக்கு நூத்திப் பதினாலு வாரிசுங்களைப் புதுசா பொறக்க வைக்கப்போறேன்," என்றார் ஹோசியா டில்மன். "அதுல பாதிப் பேருக்குப் பல்லு இருக்காது. ரெண்டு மூணு பேரு பொறக்கும்போதே சுருட்டுப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க."

பக்கத்தில் நின்ற சிநேகிதர் ஏமோஸ் லாக்கெட் கொடியிலிருந்து ஒரு கடலையைப் பிய்த்து, மண்ணை ஊதிவிட்டு, கடைவாயில் வைத்து உடைத்தார். நன்றாக மென்று முழுங்கினார்.

"வெயில்ல தொப்பியில்லாம நிக்காதடா," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அது. காலையில்தான் டிராக்டரை விட்டுக் கடலையைக் கிளப்பி, கொடியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். வேர் மேலே, இலை கீழே, வயல் முழுக்கக் காய்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. இனி மூன்று நாள் வெயில் வேண்டும். ரேடியோக்காரன் திங்கட்கிழமை சாயங்காலம் மழை என்று சொல்லித் தொலைத்திருந்தான். ஹோசியா அந்த வரிசைக்கும் இந்த வரிசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து டன்மோர் கவுண்டி என்கிற அந்த ஜில்லாவில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட மனைவி அல்மீடா நாற்காலியில் லட்சணமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு கோட்டு மட்டும் தெரிகிறது. இப்போதோ செவ்வாய்க்கிழமை அவருடைய நிலம் ஏலத்துக்கு வருகிறது. கால் தரையில் பாவுமா?

எண்பத்து மூன்று ஏக்கர். தாத்தா பிரின்ஸ் டில்மன் பைன் மரக் காடுகளில் பதினோரு வருஷம் பிசின் வடித்து வாங்கியது. அந்த மண்ணில் கைத்தடியை ஊன்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் திரும்பும்போது அது துளிர் விட்டிருக்கும் என்று ஹோசியா சொல்வார். அதில் முக்கால்வாசியை நம்பலாம். பிரின்ஸ் தாத்தா எதற்கும் பயப்படாத மனுஷர், கோர்ட் படிக்கட்டு ஒன்றைத் தவிர. "அதுக்குள்ள போற கறுப்பன் காகிதம் திரும்பி வராது" என்று சொல்லி உயிலே எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா நிலமும் சொந்தம்; யாருக்கும் இன்ன மூலை என்று கிடையாது. பிள்ளைகளும் அப்படியே செத்தார்கள், பேரன்மாரும் அப்படியே. அந்த வட்டாரத்தில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. பிரிக்காமல் வைத்திருந்தால் யாரும் பிடுங்க முடியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

பிடுங்க முடிந்தது. கிளீவ்லாந்தில் இருந்த ஜூனியஸ் என்கிற ஒன்றுவிட்ட தம்பி, இந்த நிலத்தைக் கனவில்கூட மிதிக்காதவன், தன் துளிப் பங்கை ஒரு மரக் கம்பெனிக்கு விற்று, ஒரு பழைய காரை வாங்கி, அதையும் மூன்றாம் வாரம் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டான். கம்பெனி அந்தத் துளியைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. முப்பத்தொன்பது பங்காளிகள் இருக்கிறார்கள், இதை வெட்டிப் பிரிக்க முடியாது, மொத்தமாக விற்று ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்றது. நீதிபதி சரி என்றுவிட்டார். மாதத்தின் முதல் செவ்வாய், கோர்ட் வாசல் படிக்கட்டில் ஏலம். கேட்கப்போவது யார் என்று கோர்ட் மரத்தில் இருக்கும் அணிலுக்கும் தெரியும்.

"பங்காளிங்க முப்பத்தொன்பதுதான்னு அவன் எழுதியிருக்கான்," என்றார் ஹோசியா. "அதுக்கு மேல ஒருத்தன் இருந்து, அவனுக்கு நோட்டீஸ் போகலைன்னா ஏலம் நடத்தக் கூடாதாம். வக்கீலம்மா சொல்லுச்சு."

"யாருடா அந்த ஒருத்தன்?"

ஹோசியா கையை நீட்டி, வயலைத் தாண்டி, பைன் வரிசையைத் தாண்டி, வான்கோழி ஓடை இருக்கும் திசையைக் காட்டினார்.

ஏமோஸ் மெல்லுவதை நிறுத்தினார். "மிசௌரி வகையறாவா? உங்கக்கா உயிரோட இருக்கும்போதா?"

விஷயம் அதுதான். பிரின்ஸ் தாத்தாவுக்கு மிசௌரி என்று ஒரு முதல் சம்சாரம் இருந்ததாகவும், நாலாவது பிரசவத்தில் அவள் செத்துப்போனதாகவும், பிள்ளைகளை அவள் தாயாரிடம் ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு இவர் லூலாவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்ததாகவும் ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சு மட்டும்தான். லூலா பாட்டி, அந்தப் பிள்ளைகள் பிரின்ஸுக்குப் பிறந்ததே இல்லை என்று கடைசிவரை சாதித்துவிட்டாள். அவளுக்கப்புறம் அதைச் சாதிப்பது ஹோசியாவின் அக்கா வெர்டெல். கல்யாணப் பதிவு இருந்த பழைய கோர்ட் என்றைக்கோ எரிந்துபோயிற்று. தாத்தாவைக் கண்ணால் பார்த்தவர்களில் இந்தப் பக்கம் மிச்சம் இருப்பது வெர்டெல் ஒருத்திதான்; அவர் சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது. ஹோசியா நாலு மாதம் கழித்துப் பிறந்தவர்.

"உங்க அக்கா வாயால சொல்லணும்," என்று வக்கீல் மிஸ் பிங்க்ஸ்டன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். "மத்தவங்க சொல்றதெல்லாம் கேள்விப்பட்டது, மிஸ்டர் டில்மன். உங்க பக்கத்துல அவங்க ஒருத்தர்தான் பார்த்தவங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெர்டெல் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னால் நானூறு பேருக்கு வைப்பாள். பொரித்த கெளுத்தி, பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரை, சோளரொட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. அந்த இனிப்பைத் தின்ன ஒரு பிரசங்கியார் வேறு ஊரிலிருந்து ஒரு சாவுக்கு வந்து, பதினோரு சாவு வரைக்கும் தங்கிவிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. மேஜையைச் சுற்றி அக்கா, அல்மீடா, ஏமோஸ். ஹோசியா தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே தின்றார்.

"இந்த கவுண்டியில நம்மாளுங்க பண்ணை எத்தனை இருந்துச்சு தெரியுமா?" என்று ஏமோஸ் ஆரம்பித்தார். "எங்கப்பா காலத்துல முன்னூறு. இப்ப இருபது தேறாது. எல்லாம் அந்தக் கடன் ஆபீஸு பண்ண வேலை. வெள்ளைக்காரனுக்கு மார்ச்சுல விதைக்கு காசு. எனக்கு ஜூலையில. ஜூலையில விதைச்சு நான் என்னத்த அறுக்கிறது, கிறிஸ்துமஸ் மரமா?"

"உன் பண்ணை போனது ஆபீஸால மட்டும் இல்ல, ஏமோஸ்," என்றாள் அக்கா. "புது டிராக்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவன் யாரு? சிவப்புக் கலர்தான் வேணும்னு வேற."

"சிஸ்டர், பழைய டிராக்டரை ஆணி வெச்சு அடிச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"பிள்ளைங்க போனதுதான்," என்றாள் அல்மீடா. "எங்களுக்கு அஞ்சு. அஞ்சும் சிகாகோ, டெட்ராய்ட்டு. போன் பண்ணா 'அம்மா, கடலை வேகவெச்சு அனுப்பு'ங்குது. வந்து கிளப்புன்னா லைன் கட்டாயிடுது."

"ஏன் போச்சுங்க? இங்க நாம ஓட்டு போடப் போனோம்னு வெள்ளைக்காரங்க ராத்திரி வந்து வீட்டுக் கதவைத் தட்டினாங்களே, அது மறந்துபோச்சா?" என்றார் ஏமோஸ். "பயத்துல போச்சுங்க."

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றாள் அக்கா, கீரையை இன்னொரு கரண்டி அவர் தட்டில் தள்ளியபடி. "ஆபீஸ்காரன் கெட்டவன், சரி. வெள்ளைக்காரன் கெட்டவன், சரி. ஆனா உயில் எழுதாதேன்னு எந்த வெள்ளைக்காரன் வந்து நம்ம கையைப் பிடிச்சான்? அது நாமளே பண்ணுனது."

"ஏன் பண்ணுனோம்? அந்தக் கோர்ட்டுல நம்ம காகிதத்தை என்ன பண்ணுனாங்க? தெரியாத மாதிரி பேசாதீங்க."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுனது. அவங்க பூட்டை உடைச்சாங்க, நாம பூட்டே போடல. எப்படிப் பார்த்தாலும் கோழி போச்சு."

ஹோசியா ஜன்னல் பக்கம் நின்றார். "அக்கா, கோழி இன்னும் போகல. செவ்வாக்கிழமைதான் போகுது. நீ நினைச்சா நிறுத்தலாம்."

ஏமோஸ் மீன் முள்ளை மிகவும் அக்கறையாக ஆராய்ந்தார்.

"நான் என்ன நினைக்கணும்?"

"தாத்தாவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைங்க இருந்தாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

"அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் கர்டிஸ் பேட்டில்கிட்ட முப்பது வருஷமா முடி வெட்டிக்கிறேன். கண்ணாடியில ரெண்டு பேர் மூஞ்சியும் சேர்ந்து தெரியுது. நாலு காதும் ஒரே காது. ஒருநாள் தெரியாம என் காதுன்னு அவன் காதைச் சொறிஞ்சுட்டேன்."

அல்மீடா சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"காது எல்லாருக்கும்தான் இருக்கு," என்றாள் அக்கா. "பாட்டி என்னை மடியில வெச்சு வளர்த்தவ. அவ பொய் சொன்னான்னு நான் அந்தக் கோர்ட்டுல, பைபிள் மேல கை வெச்சுச் சொல்லணுமா? நிலத்துக்காக?"

"ஆமா மதினி, நிலத்துக்காகத்தான்," என்றாள் அல்மீடா மெதுவாக. "நாப்பத்தோரு வருஷம் நான் அதுல குனிஞ்சிருக்கேன். எனக்கு அதுல ஒரு துளிகூடச் சொந்தமில்ல, கட்டிக்கிட்டு வந்தவ. ஆனா என் முதுகு அங்கதான் இருக்கு. செவ்வாக்கிழமைக்கு அப்புறம் நாங்க எங்க போறது?"

அக்கா எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். யாரும் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே காற்றில் ஈரம். ஏமோஸ் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். கடலை இன்னும் ஒருநாள் காயணும் என்று அவர் சொல்ல, மழை உன்னைக் கேட்டுட்டா வரும் என்று ஹோசியா சொல்ல, இரண்டு பேரும் பறிக்கிற மெஷினை இறக்கிவிட்டார்கள். புழுதி எழும்பியதில் பக்கத்துக் கவுண்டியில் விளக்குப் போட்டுக்கொண்டு காரோட்டினார்கள். மத்தியானத்துக்குள் முக்கால் வயல் முடிந்தது. மிச்சத்தை ஏமோஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, ஹோசியா புழுதி மூஞ்சியோடு ஓடைப் பாலத்தைத் தாண்டி கர்டிஸ் பேட்டிலின் முடிவெட்டும் கடைக்குப் போனார்.

கர்டிஸ் ஒரு கிழவருக்கு நுரை பூசிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"போன வாரம்தானே வெட்டினீங்க, மிஸ்டர் டில்மன்?"

"முடிக்கு வரலப்பா."

"தெரியும். வக்கீலம்மா வந்துட்டுப் போச்சு." கத்தியைத் தோல் வாரில் தீட்டினான். "ஒரு விஷயம் கேக்கறேன். நாங்க வந்து நின்னு ஏலம் நின்னுட்டா, நாங்களும் பங்காளி. அது உங்களுக்குப் புரிஞ்சிருக்கா? நாலு பிள்ளை எங்க பக்கம், மூணு பிள்ளை உங்க பக்கம். பாதிக்கு மேல எங்களுது."

ஹோசியா கடையின் நீளத்தை இரண்டு தடவை அளந்தார். இந்தக் கணக்கை அவர் சனிக்கிழமையே போட்டிருந்தார். போட்டுவிட்டுத் தூங்கவில்லை.

"புரிஞ்சிருக்கு."

"அப்புறம் நாங்க கம்பெனிக்கு வித்துட்டா?"

"விப்பீங்களா?"

கர்டிஸ் கிழவரின் தாடையை நிமிர்த்தினான். நுரைக்குள்ளிருந்து கிழவர், "பதில் சொல்லுடா" என்றார்.

"எங்க ஐவரி பாட்டிக்குத் தொண்ணூத்தி நாலு. மிசௌரியோட கடைசிப் பொண்ணு, அந்தப் பிரசவத்துல பொறந்தவ. அவ காசு கேக்கல, நிலம் கேக்கல," என்றான் கர்டிஸ். "வர்றோம். எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேர் வர்றோம். ஆனா உங்கக்கா அங்க வந்து, எங்க மூஞ்சியப் பார்த்து 'இவங்க யாருன்னே தெரியாது'ன்னு சொன்னா, கிழவி அங்கயே ஒடிஞ்சு போயிடுவா. அதை நான் பார்க்கணுமான்னு யோசிக்கிறேன்."

"அக்கா வரவே மாட்டா," என்றார் ஹோசியா. அதைச் சொன்னபோதுதான் அது உண்மையாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

மழை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பிடித்தது. கடைசி வண்டிக் கடலை கொட்டகைக்குள் நுழைந்து ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. ஹோசியா பிற்பாடு சொன்ன கணக்கில் ஏழு நொடி.

செவ்வாய்க்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கே ஹோசியா கோர்ட்டைச் சுற்றி நடந்து, புல்லில் ஒரு பாதையே போட்டுவிட்டார். படிக்கட்டில் கம்பெனி வக்கீல் நின்றிருந்தார். சாம்பல் நிறச் சட்டை, இதமான குரல், எல்லாரிடமும் மழையைப் பற்றி விசாரித்தார்.

ஒன்பதே முக்காலுக்கு முதல் வண்டி வந்தது. அப்புறம் ஒரு பிக்கப், பின்னால் பன்னிரண்டு பேர். அப்புறம் ஒரு சர்ச் பஸ். அப்புறம் வேலைக்குப் போகிற சட்டையோடு ஆட்கள், கைக்குழந்தைகள், தொப்பி போட்ட பெண்கள், ஆக்ஸிஜன் குழாயோடு ஒருவர். அத்தனை பேருக்கும் அந்தக் காது. ஷெரீப் ஆபீஸ் ஆள் எண்ணியதில் எண்பத்தாறு. ஹோசியாவின் எண்ணிக்கை நூற்றுப் பதினாலுதான். வயிற்றில் இருந்தவர்களையும், வழியில் வண்டி நின்றுபோனவர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். கடைசியாக ஒரு பிக்கப்பின் பின்புறத்தில் சமையலறை நாற்காலியில் கயிறு கட்டி உட்காரவைத்து ஐவரி பாட்டியைக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படிகளில் ஏற்றினார்கள்.

வெர்டெல் அக்கா இல்லை.

மிஸ் பிங்க்ஸ்டன் உள்ளே ஓடி, மனுவைக் கொடுத்து, நீதிபதியைக் கோர்ட் அறைக்கு வரவழைத்துவிட்டாள். கூட்டம் உள்ளே நிரம்பி, ஜன்னல் மேடையிலும் உட்கார்ந்தது. நீதிபதி வயசானவர், வயிற்றுக்கோளாறு உள்ளவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாரையும் பார்த்தார்.

"இத்தனை பேரும் பிரின்ஸ் டில்மன் வம்சம்னு சொல்றீங்க. காகிதம் எரிஞ்சுபோச்சுன்னும் சொல்றீங்க. நேர்ல தெரிஞ்ச ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்லட்டும், இன்னிக்கு ஏலம் இல்ல. யாரும் இல்லைன்னா, படிக்கட்டுல ஏலக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க."

முதலில் ஐவரி பாட்டி சத்தியம் செய்தாள். நாற்காலியோடுதான்.

"பிரின்ஸ் டில்மன் உங்க அப்பான்னு யார் சொன்னாங்க, அம்மா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல், ரொம்ப மரியாதையாக.

"உங்கப்பா உங்கப்பான்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றாள் கிழவி. ஜன்னல் மேடை சிரித்தது. நீதிபதி சுத்தியைத் தொட்டார்.

"அவர் உங்களை வளர்த்தாரா? வீட்டுக்கு வந்து பார்த்தாரா?"

"இல்ல."

"அவர் இருந்த பக்கம் நீங்க போயிருக்கீங்களா?"

"ஒரு தடவை. அவரைப் புதைச்ச அன்னிக்கு. நாங்க நாலு பேரும் போனோம், எங்க பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு. சர்ச் கேட்டைச் சாத்திட்டாங்க. வேலிக்கு வெளியில நின்னு பாட்டைக் கேட்டுட்டு வந்துட்டோம்."

பின்வரிசையில் ஏதோ அசைந்தது. ஹோசியா திரும்பினார். அல்மீடா கதவருகே நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிற வெள்ளைத் தொப்பியில் வெர்டெல் அக்கா. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கால் தானாக அவளை நோக்கி நடக்கப் பார்த்தது. அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

கம்பெனி வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். வருத்தப்படுகிற மாதிரியே பேசினார்.

"இதுக்கு மேல என்ன வேணும், யுவர் ஆனர்? சொந்தப் பிள்ளைன்னா சாவுக்கு உள்ள விடாம இருப்பாங்களா? அந்தக் குடும்பமே, அந்த சர்ச்சே, இவங்க யாரும் இல்லைன்னு அன்னிக்கே முடிவு சொல்லிடுச்சு. கேட்டைச் சாத்தினதே சாட்சி."

நீதிபதி பேனாவை எடுத்தார்.

"நான் பேசலாமா, ஐயா?" என்றாள் வெர்டெல் அக்கா.

எல்லாரும் வழிவிட்டார்கள். அவள் நடந்து வந்த நேரத்தில் ஒரு வயலை உழுதிருக்கலாம். ஐவரி பாட்டியின் நாற்காலியைத் தாண்டும்போது நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை. பைபிள் மேல் கையை வைத்தாள்.

"நீங்க பிரின்ஸ் டில்மனோட பேத்தியா?" என்று கேட்டாள் மிஸ் பிங்க்ஸ்டன்.

"ஆமா. வெர்டெல். எழுபத்தொண்ணு."

"இவங்களைத் தெரியுமா?"

கம்பெனி வக்கீல் வாயைத் திறந்தார், நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். ஹோசியாவின் முழங்கால் பெஞ்சுக்கு அடியில் துள்ளிக்கொண்டிருந்தது. அல்மீடா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"அந்தப் பாட்டு முடியறவரைக்கும் இவங்க வேலிக்கு வெளியில நின்னாங்க," என்றாள் அக்கா. "நீலச் சட்டை போட்டிருந்தாங்க, இந்த அம்மா. இடுப்புல ஒரு குழந்தை. எங்க பாட்டி என் காதுல வந்து சொன்னா, 'போய்க் கேட்டைச் சாத்து, அவங்க அப்பாவைப் பார்க்க வந்திருக்காங்க'ன்னு. அவங்க அப்பாவைன்னுதான் சொன்னா. எனக்கு ஒன்பது வயசு. ஓடிப்போய்ச் சாத்துனேன். இந்த அம்மா கம்பி வழியா என்னைப் பார்த்து, 'நீ யாரு மகம்மா?'ன்னு கேட்டாங்க. நான் தாழ்ப்பாளைப் போட்டேன்."

அவள் முதன்முறையாகத் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"நடந்துச்சு, ஐயா," என்றாள். "எல்லாம் நடந்துச்சு."